கடல்நாய் முனைக்குப் போகும் வழி

"எத்தனை பேர்கிட்ட சொன்ன, கோலீன்?"

கேட்டில் புதிதாகத் தொங்கிய பூட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டே ரோண்டா கேட்டாள். சாலையோரம் பதினாலு கார்கள் நின்றன. வேலியைத் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் மேல் கல்லூரி ஓட்டக் குழுவின் பச்சை பனியன். அந்தக் குழுவுக்குப் பயிற்சி கொடுப்பவளே கோலீன்தான்.

கோலீன் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்து, மறுபடி கட்டினாள்.

அந்தச் சின்ன ஊரில் ஓடுவதற்கு வழிக்கா பஞ்சம்? துறைமுகத்துப் பலகைப் பாதை இருக்கிறது, கல்லூரிக்குப் பின்னால் யூகலிப்டஸ் தோப்பு இருக்கிறது, மணல்மேடு இருக்கிறது. ஆனால் வெர்ன் கிழவரின் மேய்ச்சல் நிலத்தைத் தாண்டிக் கடல்நாய் முனைக்குப் போகிற ஒற்றையடிப் பாதையிடம் அதெல்லாம் பிச்சை வாங்க வேண்டும். இந்தப் பக்கம் மாடுகள், அந்தப் பக்கம் செங்குத்தாகக் கடல், கீழே பாறைமேல் கடல்நாய்கள் குட்டிகளோடு படுத்திருக்கும்.

கூட்டத்தைக் கண்டால் தாய்கள் குட்டியைப் போட்டுவிட்டுக் கடலுக்குள் போய்விடும் என்று வெர்ன் ஒருத்தரையும் உள்ளே விடமாட்டார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் போனால் போகிறது என்று விட்டார். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை.

ரோண்டா மூச்சு விடவில்லை. நூலகத்தில் கூட வேலை பார்ப்பவர்கள் எத்தனையோ முறை துருவிக் கேட்டும், காலையில் எங்கே ஓடுகிறாள் என்று சொன்னதில்லை. புருஷன் போன பிறகு அவள் பைத்தியம் பிடிக்காமல் இருந்ததே, தினமும் அந்த முனையில் போய்ப் பத்து நிமிஷம் நின்றுவிட்டு வந்ததால்தான். அது கோலீனுக்குத் தெரியும். தெரிந்தே செய்திருக்கிறாளே என்றுதான் ரோண்டாவுக்கு ஆத்திரம்.

"உன் பசங்களுக்கு மேடு ஏறப் பழக்க வேற இடமே கிடைக்கலையாடி உனக்கு?"

கோலீன் நிமிர்ந்தாள். "சரி, நான்தான்னு வெச்சுக்கோ" என்றாள்.

வைத்துக்கொள்வதா? நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டு இது என்ன பேச்சு என்று ரோண்டா பிடிபிடியென்று பிடித்தாள். இனிமேல் என் முகத்தில் முழிக்காதே என்றும் சொல்லிவிட்டாள். கோலீன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு காருக்குப் போனவள், கதவைத் திறந்துவிட்டுத் திரும்பினாள்.

"ஒண்ணே ஒண்ணு செய், ரோண்டா. இனிமே அந்த வாட்ச்சைக் கழட்டி வெச்சுட்டு ஓடு."

இந்த நேரத்திலுமா குத்தல் என்று ரோண்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன கிறிஸ்துமஸுக்கு மகள் வாங்கி, போனோடு இணைத்து எல்லாவற்றையும் அவளே சரிபண்ணி, கையில் கட்டிவிட்டுப் போன வாட்ச் அது. அதைக் கட்டியதிலிருந்து ரோண்டாவின் வேகம் கூடிவிட்டது. ஓடி முடித்து வீடு திரும்புவதற்குள் சிகாகோவிலிருந்து மகள் சபாஷ் சொல்லிவிடுவாள். பயிற்சியாளர் அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை, வேறென்ன என்று முடிவு கட்டினாள்.

பத்து நாள் ரோண்டா துறைமுகத்துப் பலகைப் பாதையில் தனியாக ஓடினாள். ஓட்டம் முடிந்ததும் இரண்டு பேரும் பிய்த்துத் தின்கிற இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டியை பேக்கரியில் தனியாக உட்கார்ந்து பாதி தின்றாள். பதினோராம் நாள், நடந்தது நடந்துவிட்டது, நாமே போய்க் கேட்டுப் பார்ப்போம் என்று வெர்ன் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

கிழவர் முகம் செத்துக் கிடந்தது. மூன்று குட்டிகளைத் தாய்கள் விட்டுவிட்டுப் போய்விட்டன, இரண்டு செத்தே போச்சு என்றார். ரோண்டா, நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை என்று ஆரம்பித்தாள். அவர் கையமர்த்தினார்.

"தெரியும். செவ்வாய்க்கிழமையே கோலீன் வந்து எல்லாத்தையும் ஒத்துக்கிட்டா. தப்பு அவளோடதாம், உனக்கு இதுல சம்பந்தமே இல்லையாம். அவ இனி என் மண்ணுல கால் வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். நீ வாக்கு தவறாதவ, நீ போய்க்கோ."

சொல்லிவிட்டு, ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்து நீட்டினார்.

ஆக, அவள் வாயாலேயே ஒத்துக்கொண்டாயிற்று. ரோண்டாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. பதினோரு வருஷம் பழகியவளை இன்றோடு தலைமுழுகிவிட்டேன் என்று கிழவரிடம் சொல்லிவிட்டு, விறுவிறுவென்று கேட்டுக்கு நடந்தாள்.

அங்கே ஒரு புதுப் பெண், கையில் போனோடு, பூட்டைப் பார்த்து முழித்துக்கொண்டு நின்றாள். ஓடுவதற்காக இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வந்தாளாம்.

"உனக்கும் கோலீன்தான் வழி சொன்னாளா?" என்று ரோண்டா எரிச்சலோடு கேட்டாள்.

"கோலீனா? அது யாரு?"

அந்தப் பெண் ரோண்டாவின் முகத்தைப் பார்த்தாள், மணிக்கட்டிலிருந்த வாட்ச்சைப் பார்த்தாள், தன் போனைப் பார்த்தாள். அவள் முகமெல்லாம் சிரிப்பாயிற்று.

"அட, ரோண்டாங்கறது நீங்கதானா? ஓடறவங்க ஆப்ல உங்க வாட்ச் தினமும் உங்க பேரு, போட்டோவோட எல்லாரும் பார்க்கற மாதிரி போடற மேப்பைப் பார்த்துத்தான் நாங்க எல்லாருமே வந்தோம்."