டிரம் கெட்டிதான்

அணுமின் நிலையத்தின் வெளிவாசலில் கதிர்வீச்சுச் சோதனைக் கூண்டு அலறியது.

உள்ளே கைகளை விரித்தபடி நின்றவன் பிசின். அணுக்கழிவைப் பிளாஸ்டிக் பிசினோடு கலந்து டிரம்மில் ஊற்றி, கல்லாக இறுக வைப்பது அவன் வேலை. அந்தப் பிசினே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது.

சிவப்பு விளக்கு சுழன்றது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் சட்டென்று தள்ளிப் போனார்கள்.

மேலாளர் ஓடி வந்தார். "இன்னைக்கு ஊத்தின டிரம் சரியா இறுகல. கசிஞ்சு உன் மேல பட்டிருக்கு."

"என் டிரம் கசியாது சார். கலவை சூடாகி அடங்குற வரைக்கும் பக்கத்துலயே நின்னேன். தட்டிப் பாத்தேன், பாறை!"

"அப்ப கூண்டு சும்மா கத்துதா?"

அதற்குள் கதிர்வீச்சு அளக்கும் கருவியோடு அவன் மனைவி வந்துவிட்டாள். அங்கே பரிசோதகர் அவள்தான். கட்டிய புருஷன் என்று ஒரு நாளும் சலுகை காட்டியதில்லை.

"என்ன சார், நேத்து லீவு போட்டுப் படுத்தீங்களே, சளி போச்சா? நம்ம பாப்பாவைக்கூடக் கிட்ட விடலையே. கையை நீட்டுங்க."

"போயிடுச்சு மேடம்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

கை சுத்தம். ஷூ சுத்தம். சட்டையைக் கழற்றித் தனியே அளந்தாள், அதுவும் சுத்தம். மறுபடி அவனைக் கூண்டில் ஏற்றினாள்.

மறுபடி அலறல்.

மேலாளருக்கு அது போதும். "டிரம்மைத் துளைச்சுப் பாத்துடலாம். கசிவுன்னா இந்தப் பிளாஸ்டிக் வேலையையே மூட்டை கட்டிட வேண்டியதுதான்."

துளைக்கப் போகிற இருவர் பாதுகாப்பு உடைக்குள் காலை நுழைத்தார்கள். இறுகிய டிரம்மைத் துளைத்தால் கழிவு தூளாகப் பறக்கும். அவர்கள் அந்தத் தூளுக்கு நேர் எதிரே நிற்க வேண்டும்.

பிசின் அவர்களையே பார்த்தான்.

அவள் அசரவில்லை. கருவியை அவன் முழங்காலிலிருந்து மெல்ல மேலே கொண்டுபோனாள். வயிறு. மார்பு. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சத்தம்.

கழுத்துக்கு வந்ததும் படபடவென்று பொரிந்தது.

ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தாள். துணியை அளந்தாள். துணியில் ஒன்றுமில்லை. கழுத்தில் அதே பொரிச்சல்.

துடைத்தும் போகவில்லை என்றால் அது மேலே பட்டதில்லை. உள்ளே இருக்கிறது. அவளுக்குத் தெரியாதா என்ன?

கருவியைப் பிடித்த கை இறங்கியது. இப்போது அவள் பரிசோதகராக அவனைப் பார்க்கவில்லை.

பிசின் கையை நீட்டி அந்த இருவரையும் தடுத்தான். குரல் கொஞ்சமும் பிசிறவில்லை.

"உடையைக் கழட்டுங்கப்பா. டிரம் கெட்டியாத்தான் இருக்கு."

பிறகு அவள் பக்கம் திரும்பினான்.

"நேத்து எனக்குச் சளி இல்லம்மா. ஆஸ்பத்திரியில கதிர்வீச்சு மருந்து ஏத்தி ஸ்கேன் எடுத்தாங்க... கழுத்துல ஒரு கட்டி."