முப்பத்தேழு அடி

கொடைக்கானல் ஒளிபரப்பு வந்த வருஷம், சங்கரன்கோவிலில் தனியாக இருந்த பார்வதியம்மாள் வீட்டு மொட்டைமாடியில் ஆன்டெனா கட்டக் குருநாதன் போனான். வாசுதேவநல்லூர்க்காரன், அந்தத் தெருவுக்கு அன்றுதான் முதல் தடவை.

பத்தடிக் குழாயில் கட்டினான். டிவியில் வெறும் புள்ளிகள்தான் இரைந்தன. இருபதடிக்கு ஏற்றி, பூஸ்டரும் மாட்டினான். புள்ளிகள் போகவில்லை. கொடைக்கானல் இருக்கும் வடக்குப் பக்கம் ஏதோ உயரமாக மறைக்கிறது. ஆனால் அங்கே மரம்கூட இல்லை, கருவேலஞ்செடி முளைத்த காலிமனைதான். குழாய்மேல் குழாய் செருகி முப்பத்தெட்டு அடிக்கு ஏற்றியதும் படம் பளிச்சென்று விழுந்தது.

“யம்மா, முப்பத்தெட்டு அடி வேணும். அங்கன முப்பத்தேழு அடிக்கு ஒரு கட்டடம் நிக்க மாதிரில்லா மறைக்கு!”

பார்வதியம்மாள் படத்தைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகக் காலிமனையைப் பார்த்தாள்.

“அங்கன இருந்த பஞ்சு மில்லு முப்பத்தேழு அடிதான். எங்க வீட்டுக்காரரு வேலை பார்த்த மில்லு. தீப்பிடிச்சு இடிஞ்சு ஒம்பது வருஷமாச்சு. அவுகளும் உள்ளதான் இருந்தாக.”

குருநாதன் ஜன்னல் பக்கம் வந்து எட்டிப் பார்த்தான்.

“பத்தடிக் கம்பியே போட்டுருங்க தம்பி.”

“படம் தெரியாதேம்மா.”

“தெரியாண்டாம்.”

மறுபடி மேலேறி, எல்லாவற்றையும் கழற்றிப் பத்தடிக் குழாயை நட்டுவிட்டு இறங்கி வந்தான். பார்வதியம்மாள் டிவிக்கு முன்னால் நெருங்கி உட்கார்ந்திருந்தாள். சத்தத்தை முழுக்கக் கூட்டியிருந்தாள். அந்த இரைச்சலுக்குக் காது கொடுத்து, விட்டுவிட்டு ‘ம்’ கொட்டிக்கொண்டிருந்தாள்.