மலை வடிகட்டிய தண்ணீர்

தண்ணீரில் விஷம் இல்லை. ஒரு துளிகூட இல்லை. டாக்டர் யதுர்ஷன் கப்பல் கவிழ்ந்தவர் மாதிரி கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

பதற வேண்டாம், டாக்டர் நல்ல மனிதர்தான். ஊசி போடும் டாக்டர் இல்லை. கல்லையும் தண்ணீரையும் ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் வாங்கியவர். பட்டம் வாங்கியும் நிரந்தர வேலை கிடைக்காதவர்களை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் "இன்னும் கொஞ்சம் ஆராயுங்கள்" என்று எங்கேயாவது அனுப்பிவைக்கும். இவரைப் பூனாகலைப் பக்கம் அனுப்பியிருந்தார்கள்.

அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தின் தலைக்கு மேலே படிகக்கல் சுரங்கம் ஒன்று இருக்கிறது. அது தண்ணீரை எப்படிக் கெடுக்கிறது என்று டாக்டர் கண்டுபிடிக்க வேண்டும். கெட்டிருந்தால் கட்டுரை, கெடாவிட்டால் அடுத்த வருடம் சோற்றுக்கு வேறு வழி.

தோட்டத்து ஜனங்களுக்கும் ஒரு சின்னக் கவலை இருந்தது. வேறொன்றுமில்லை, உயிர்க் கவலைதான். சுரங்கத்தில் வெடி வைக்கத் தொடங்கியதிலிருந்து, மலையிலிருந்து தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வந்து விழும் பீலித் தண்ணீர் பார்வைக்குப் பளிச்சென்று இருந்தாலும் குடித்தால் வயிற்றைப் பிரட்டியது. குளித்தால் பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் சொறி. இந்த லட்சணத்தில் சுரங்கத்தை இன்னும் பெரிதாக்கப் பதுளையில் அனுமதி கேட்டிருந்தார்கள். டாக்டரின் அறிக்கையைப் பார்த்துத்தான் முடிவு என்று மேலிடம் கைகழுவிவிட்டது.

ஆக, எல்லாரும் டாக்டரை நம்பியிருந்தார்கள். டாக்டரோ தோட்டத்துக்கு வந்த அன்று, பீலிக்குப் போகும் பாதையில் அட்டை கடிக்கும் என்று கேள்விப்பட்டதும் ஆபீஸ் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கழுவிய போத்தல்களைக் கிளாக்கரிடம் கொடுத்து, "வீட்டுக்கு ஒரு போத்தல் தண்ணி வேணும் எண்டு சொல்லுங்கோ" என்றார். கிளாக்கரும் அதை அப்படியே லயத்தில் சொல்லிவிட்டு வந்தார். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

மறுநாள் காலை வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் முன்பே பெண்கள் போத்தல்களோடு வந்து நின்றார்கள். முன்னால் நின்றவள் மாதர் சங்கத் தலைவி பாக்கியலெட்சுமி.

"இவ்வளவு போதுங்களா டாக்டரய்யா? இன்னும் வேணும்னா சொல்லுங்க, கொண்டாறோம்."

"காணும் அம்மா, தாராளம்" என்று டாக்டர் வண்டியில் ஏறிவிட்டார்.

அந்தத் தண்ணீர்தான் இப்போது அவர் தலையில் கல்லைப் போட்டிருந்தது. ஆய்வுகூடத்து உதவியாளர் ஹம்ஸியாவுக்கும் அது சரியாகப் படவில்லை.

"சேர், மேல் லயத்துக்கு ஒரு பீலி, கீழ் லயத்துக்கு வேற பீலி. ஆனா எல்லாப் போத்தலும் அச்சில வார்த்த மாதிரி ஒண்டாவே இருக்கு. திரும்ப ஒருக்காப் போய் நாங்களே எடுப்பமா?"

"திரும்பவோ? அந்த அட்டைக் காட்டுக்கோ? உமக்கென்ன விசரா?"

சொன்னவர் சட்டென்று நிமிர்ந்தார். ஞானம் பிறந்துவிட்டது. விஷம் இல்லாவிட்டால் என்ன, இல்லாததற்குக் காரணம் எழுதினால் போயிற்று! சுரங்கம் விஷத்தைக் கக்குகிறது. மலை அதை வடிகட்டிவிடுகிறது. அதனால்தான் எல்லாப் பீலியிலும் ஒரே மாதிரி அமிர்தம் வருகிறது. படித்தவனுக்கா வழி தெரியாது?

கட்டுரையைப் பெரிய சஞ்சிகை ஒன்று ஏற்றுக்கொண்டது. பல்கலைக்கழகம் வேலையை நீட்டித்தது. சுரங்கக்காரர்கள் டாக்டரின் வீட்டுக்குப் பெரிய கேக் ஒன்றை அனுப்பிவைத்தார்கள். சுரங்கத்தைப் பெரிதாக்கவும் அனுமதி கிடைத்தது.

ஒரே ஒரு குறை. கட்டுரையோடு போடுவதற்கு, ஆய்வாளர் அந்தத் தண்ணீரைக் குடிப்பது போல ஒரு படம் வேண்டும் என்று சஞ்சிகையில் கேட்டார்கள். அறிவியலுக்காக டாக்டர் எந்தத் தியாகத்துக்கும் தயார். முழங்கால்வரை உறை மாட்டிக்கொண்டு, சாரதி ஷப்ராஸின் கையில் போனைக் கொடுத்து, முதல் தடவையாகப் பீலிக்கு இறங்கினார்.

கொழுந்துக் கூடையோடு பாக்கியலெட்சுமி மலையிலிருந்து ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது, கண் கலங்கியிருந்தது.

"டாக்டரய்யா, கல்லுக்குழிய பெருசாக்கச் சொல்லிட்டாங்களாமே! எங்க தண்ணி நல்லாருக்குன்னு நீங்கதான் எழுதிக் குடுத்தீங்களாமே! புள்ளைங்க ராவெல்லாம் சொறிஞ்சுக்கிட்டுக் கெடக்குதுங்க. எப்படிங்க உங்களுக்கு மனசு வந்துச்சு?"

டாக்டர் புன்னகைத்தார். பாமரர்களிடம் பொறுமை வேண்டுமல்லவா?

"கோவிக்காதேங்கோ அம்மா. நான் பொய் எழுதேல்லை. நீங்கள் போத்தல்ல தந்த தண்ணியைத்தான் சோதிச்சனான். இவ்வளவு சுத்தமான தண்ணியை நான் ஒரு நாட்டிலயும் காணேல்லை."

"சோதிச்சீங்களா? அதையா?" பாக்கியலெட்சுமியின் முகம் வெளுத்தது.

"பின்னே? நம்பாட்டி இஞ்ச பாருங்கோ, நானே குடிக்கிறன்."

இரண்டு கையாலும் ஏந்தி மடக் மடக்கென்று குடித்தார். ஷப்ராஸ் படம் எடுத்தான்.

பாக்கியலெட்சுமி தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள்.

"ஐயோ, துப்புங்க ஐயா! இதக் குடிச்சு உங்களுக்கு ஏதும் ஆயிரக் கூடாதுன்னுதானே, அன்னைக்கு எல்லாருமாச் சேந்து கடைத் தண்ணி வாங்கி ஊத்திக் குடுத்தோம்!"