நாலு விரல்

"அண்ணே, உங்க கடைக் கோல்ல ஏதோ கோளாறு. அஞ்சு மீட்டர் துணியில நாலு விரல் குறையுது."

தையல்காரம்மா இதைச் சொன்னபோது ஜவுளிக்கடையில் நல்ல கூட்டம். போதாக்குறைக்கு, அவள் பக்கத்தில் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை வேறு. இருநூறு பிள்ளைகளுக்குச் சீருடை. துணி இந்தக் கடையில், தையல் அந்த அம்மாவிடம் என்று பேச்சு முடிகிற நேரம். மாதிரிக்கு நேற்று வாங்கிப்போன துணியில்தான் இந்த வில்லங்கம்.

கடைக்காரரின் மருமகளுக்குச் சுருக்கென்றது. அந்தத் துணியை அளந்து வெட்டியது அவள்தான்.

வழக்கமாகத் தையல்காரம்மா வந்தால் மாமனாரே கல்லாவை விட்டு எழுந்து வந்து அளப்பார். வேறு யாரையும் கோலைத் தொட விடமாட்டார். வாடிக்கையாளரை இப்படியா தாங்குவார்கள் என்று மருமகள் மனசுக்குள் சிரித்துக்கொள்வாள். நேற்று மாமனார் பல்வலி என்று டாக்டரிடம் போயிருந்தார். மருமகள் ஒரு நூல் கூடாமல் குறையாமல் கறாராக வெட்டிக் கொடுத்திருந்தாள்.

தையல்காரம்மா துணியை விரித்தாள். கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பை எடுத்து எல்லார் முன்னாலும் அளந்து காட்டினாள். சுத்தமாக நாலு விரல் குறைந்தது.

"கோலைக் கொண்டுபோய்ச் சுவர்ல வச்சுப் பார்த்துடலாம், மாமா" என்றாள் மருமகள்.

சுவர் என்றால் கோயில் சுவர். கோயிலைச் சுற்றிச் சந்தை வந்ததா, சந்தைக்காரர்கள் சேர்ந்து கோயில் கட்டினார்களா என்று அந்த ஊரில் இன்றைக்கும் சண்டை போடுவார்கள். ஆனால் அளவில் சண்டை என்றால் எல்லோரும் போய் நிற்பது அந்த வடக்குச் சுவரில்தான். பழைய வியாபாரிகள் அளவுக்காகக் கல்லில் வெட்டிய இரண்டு கோடுகள் அங்கே உண்டு. மீட்டர் வந்த பிறகு வியாபாரிகள் சங்கம் அதற்குக் கீழேயே ஒரு மீட்டர் நீளத்துக்குப் பித்தளைப் பட்டை பதித்து வைத்தது. சாமி முன்னால் கூசாமல் பொய் சொல்கிறவன்கூட அந்தப் பட்டை முன்னால் வாயைத் திறக்க மாட்டான்.

கடையிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனாலும் மாமனார் அசையவில்லை. தையல்காரம்மாவைப் பார்த்தார். தலைமையாசிரியையைப் பார்த்தார்.

"வேண்டாம்மா" என்றார். "கோல் தேஞ்சிருக்கும். தப்பு நம்ம பேர்லதான்."

சொல்லிவிட்டு அரை மீட்டர் துணியைக் கிழித்து இரண்டு கையாலும் நீட்டினார்.

தையலுக்கு இந்த அம்மாவே போதும், துணியை மட்டும் வேறு கடையில் பார்த்துக்கொள்கிறோம் என்று தலைமையாசிரியை நாசூக்காகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். நின்றிருந்த மற்றவர்களுக்கும் திடீரென்று வீட்டு வேலை ஞாபகம் வந்துவிட்டது.

மருமகளுக்கு அழுகை முட்டியது. மூன்று தலைமுறைக் கடை. ஒரு நிமிஷத்தில் பேர் சந்தி சிரித்துவிட்டது. மடியில் கனமில்லை என்றால் வழியில் என்ன பயம்? அப்படியானால் கனம் இருக்கிறதா? இந்த மனுஷரையா நாலு வருஷமாக அப்பா ஸ்தானத்தில் வைத்திருந்தோம்?

அவளால் உட்கார முடியவில்லை. கோலைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று கோயிலுக்கு நடந்தாள். பித்தளைப் பட்டையில் வைத்தாள். திருப்பிப் போட்டும் வைத்தாள். ஒரு முடி நுழைய இடமில்லை. கோல் அப்பழுக்கில்லாமல் சரியாக இருந்தது.

போனதைவிட வேகமாகத் திரும்பி வந்தாள்.

"கோல்ல ஒரு குறையும் இல்லை, மாமா. செய்யாத தப்புக்கு ஏன் தலையைக் குனிஞ்சீங்க?"

மாமனார் புது இஞ்ச் டேப்புகளை மேசையில் பரப்பி வைத்திருந்தார். வீங்கிய கன்னத்தோடு சிரித்தார்.

"வந்துட்டியா? நம்ம தெருவுல இருபத்துநாலு தையல் கடை. ஆளுக்கு ஒரு டேப்பு, நம்ம கடை அன்பளிப்புன்னு குடுத்துட்டு வா. முதல்ல அந்தம்மாவுக்கு. நாளைக்கு அவங்க வேற கடையில துணி எடுக்கறதுக்குள்ள போய்ச் சேரணும்."

இருக்கிற பேரும் போயாச்சு, இப்போது அன்பளிப்பு ஒன்றுதான் குறைச்சல் என்று மருமகள் பொரிந்தாள்.

மாமனார் குரலைத் தாழ்த்தினார். "அந்தம்மா டேப்பு பழசு. வேர்வையில நனைஞ்சு, இழுபட்டு, நீண்டுபோச்சு. உடம்பை அளக்கறதும் அதுல, துணியை வெட்டறதும் அதுல. அதனால தைச்சது கச்சிதமா இருக்கும். அவங்களுக்கே தெரியாது. நான்தான் இந்த மூணு வருஷமா நாலு விரல் சேர்த்து வெட்டிக்கிட்டு இருந்தேன். நேத்து நீ சரியா வெட்டிட்டே."

மருமகள் தொப்பென்று முக்காலியில் உட்கார்ந்தாள்.

"அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே, மாமா?"

"எப்படிச் சொல்றதுன்னு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்தேன். அதனாலதான் தப்பு நம்ம பேர்லன்னேன். இன்னிக்கு டீச்சரம்மா முன்னாடி சொன்னா, அளவு தெரியாதவன்னு பேராகி தையலே போயிடும் அவங்களுக்கு. நமக்கு இந்தச் சீருடை போனா இன்னொண்ணு வரும்."

அவரைப் பற்றி என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. மேசையிலிருந்து ஒரே ஒரு டேப்பை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்ப இந்த ஒண்ணை மட்டும் நைசா அவங்ககிட்ட குடுத்துடறேன். மத்த இருபத்துமூணு பேருக்கும் எதுக்கு மாமா தண்டமா?"

"அந்தம்மாவுக்கு மட்டும் குடுத்தா, எதுக்குக் குடுத்தோம்னு தெருவுக்கே தெரிஞ்சுடுமேம்மா."