கிடாவின் சம்மதம்

மூன்றாவது செம்புத் தண்ணீரும் கிடாவின் மேல் விழுந்து வழிந்தது. கிடா சிலுப்பவில்லை.

"இன்னொரு செம்பு ஊத்துங்க பூசாரி" என்றான் ராஜகுரு. மாப்பிள்ளைக்கு என்ன அவசரம் என்று கூட்டம் சிரித்தது.

கிடா உடம்பைச் சிலுப்பினால் அம்மன் சம்மதித்துவிட்டாள். அங்கேயே வெட்டி, வெற்றிலை மாற்றி, வெள்ளிக்கிழமை கல்யாணம். சிலுப்பாவிட்டால் சம்பந்தம் இல்லை. எம்.ரெட்டியபட்டியில் இதற்கு மேல் கோர்ட்டு கிடையாது.

மணப்பெண் ஒச்சம்மாள் தாய் மாயக்காளின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சோறு தின்னாமல் கிடந்து பார்த்தவள். அப்பா மொக்கையன் மசியவில்லை. ராஜகுரு பாலவனத்தத்துக்காரன். அந்த ஊரில் முதன்முதலாகக் கரண்டு மோட்டார் போட்ட கிணறு அவனுடையது. அவன் பெண்டாட்டி செத்து வருஷம் திரும்பவில்லை என்பது மொக்கையனுக்குப் பெரிதாகப் படவில்லை.

ராஜகுருவும் ஒரு குறை வைக்கவில்லை. கிடாவைத் தானே பிடித்து வந்து, முந்தின நாளிலிருந்து கோயிலில் அதன் பக்கத்திலேயே படுத்திருந்தான்.

"முதுகுல ஊத்துனா எப்படி? காதுல விடுங்கய்யா, தன்னால சிலுப்பும்!" மாப்பிள்ளையின் அத்தை பிச்சையம்மாள் சத்தம் போட்டாள்.

பூசாரி காதோடு சேர்த்து ஊற்றினார். உறுமிக்காரர் நெருங்கி வந்து முழக்கினார். குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டன. கிடா திரும்பிக்கூடப் பார்க்காமல் அசைபோட்டது.

"எமகாதகக் கிடாய்யா. உசுரு மேல அம்புட்டு ஆசை!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

பூசாரி செம்பைக் கீழே வைத்தார். "ஆத்தாளுக்கு இஷ்டமில்ல. வேற எடம் பாருங்க."

"ஆத்தா சொன்னா சரி" என்றான் ராஜகுரு. கிடாவை நோக்கிப் போனவனை அத்தை கையைப் பிடித்து இழுத்தாள். "அது கோயிலுக்கு விட்டது. பஸ்ஸு போயிரும், வாடா."

கிடாவின் மேலிருந்த மாலையைக் கழற்றும் சாக்கில் மாயக்காள் குனிந்து நிமிர்ந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தி, முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே எண்ணெயில் தோய்த்த இரண்டு பஞ்சு உருண்டைகள்.

"கிடா காதுலருந்து எடுத்தேன். உங்கப்பா பாத்திருந்தா, கிடாவுக்குப் பதிலா உன்னைய வெட்டியிருப்பாக."

"நான் வைக்கலம்மா."

"பொய் சொல்லாதடி. விடியக்காலைல நீ கோயிலுக்குப் போனத என் கண்ணால பாத்தேன்."

ஒச்சம்மாள் மடியிலிருந்து இரண்டு பஞ்சு உருண்டைகளை எடுத்துக் காட்டினாள். அவை காய்ந்திருந்தன.

"வைக்கத்தான் போனேன். கிடா பக்கத்துல அவுக கண்ண மூடிப் படுத்திருந்தாக."

"அப்புறம்?"

"ரெண்டு காதும் முன்னாடியே அடைச்சிருந்துச்சும்மா."