சுளகில் உருளும் குண்டுகள்

சாந்தன்பாறை ஏலக்காய் ஸ்டோரின் பின்சுவரில் தொங்கும் இலக்கு அட்டையில் சிவசங்கரி சுட்ட நாலு ஓட்டைகள். நாலும் கறுப்பு வட்டத்துக்குக் கீழே. நாளைக்குத் தொடுபுழாவில் அவளுக்கு ஜில்லா ஏர் பிஸ்டல் தேர்வு. "ஒனக்குக் கை ஆடுது," என்கிறான் ஜீப் ஓட்டும் கணவன் அஜய். "கை ஆடல. குண்டு குழல்ல சரியா உக்காரல," என்கிறாள் சிவசங்கரி. நகத்தால் நெம்பி எடுத்த ஈயக்குண்டின் பாவாடை போன்ற விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது. அந்த இடுக்கில் காற்று கசிய, குண்டு தாழப் போகிறது. குண்டு டப்பாவைப் பார்க்கிறாள். ஒரு மாதமாக அது குலுங்கிக் கிடந்த ஜீப்பையும் பார்க்கிறாள். ஏலக்காய் தரம் பிரிக்கும் சுளகில் குண்டுகளைக் கொட்டிச் சாய்க்கிறாள். நல்லவை வளைந்து உருண்டு ஓடுகின்றன. நசுங்கியவை தத்தித் தத்தி நின்றுவிடுகின்றன. ஓடி வந்தவற்றில் ஐந்தைப் பொறுக்குகிறாள். கட்டைவிரல் அழுத்த, விளிம்பு குழலோடு மட்டமாக இறங்குகிறது. ஜன்னல் வெயிலில் ஏலக்காய்த் தூசி மிதக்கிறது. ஐந்து முறை சுடுகிறாள். அஜய் அட்டையருகே போய்த் தேடுகிறான். வட்டத்தின் நடுவில், ஏலக்காய் அளவுக்கு ஒரே ஓட்டை. "மத்த நாலு குண்டும் எங்க?" "அதுக்குள்ளதான் போயிருக்கு." பிஸ்டலைத் துடைத்துக்கொண்டே சொல்கிறாள்: "நாளைக்குத் தொடுபுழா போற வரைக்கும் டப்பா என் மடியிலதான். நீங்க ஜீப்ப மெதுவா ஓட்டுங்க."