சொட்டுச் சத்தம்

பட்டப்பகல். சமையல் மேடையில் கவிழ்ந்து கிடக்கும் மர்ம நாவலின் அட்டையில் ஜன்னல் வெயில் மினுங்குகிறது. வீட்டில் தனியாக இருப்பவள், சுவரோடு முதுகை ஒட்டி நின்றுகொண்டு, தோளுக்கும் காதுக்கும் நடுவே செல்போனை இடுக்கியபடி வெங்காயம் நறுக்குகிறாள். நாவலைக் கொடுத்த அக்காதான் மறுமுனையில். “முதல் பாதி ஒரே ஜவ்வுக்கா. அந்த இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தாலே எனக்குக் கொட்டாவி வருது. ஆனா கீழ வைக்கவும் முடியல, அதையும் சொல்லணும்ல.” “கொலைகாரன் எப்படி?” “சுத்த அபத்தம். சொட்டுற குழாயை இறுக்கி மூடிட்டுத்தான் கொல்லவே வரானாம். எவனாவது அப்படிச் செய்வானா?” சிரிக்கிறாள். குளியலறைக் குழாய் வழக்கம்போல வாளியில் டொக், டொக் என்று சொட்டுகிறது. பழுது பார்க்கிறவர் மாதக்கணக்காக இழுத்தடிக்கிறார். “எனக்குப் பயமெல்லாம் ஒண்ணுமில்ல” என்கிறவளின் கத்தி பாதி வெங்காயத்தில் நிற்கிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுக்கிறாள். “என்னடி, பேச்சையே காணோம்?” “அக்கா… சொட்டுற சத்தம் நின்னுடுச்சு.” “தொட்டியில தண்ணி தீர்ந்திருக்கும்டி, லூசு.” அவள் மெதுவாகக் கை நீட்டிச் சமையலறைக் குழாயைத் திறக்கிறாள். தண்ணீர் பீறிட்டு வருகிறது.